நடுவில் நடந்தவன்

"தம்பி, அவர்கிட்ட சொல்லுங்க. தொப்பியை மாத்திப் போட்டிருக்கார். வெயில் முன்னாலதான் அடிக்குது."

அந்த அம்மாள் சொன்ன தொப்பிக்காரர் மூன்றடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். இருந்தாலும் வழிகாட்டி அவர் பக்கம் திரும்பி, "சார், தொப்பியைத் திருப்பிப் போடணுமாம்" என்றான்.

"எனக்கு முதல்ல பிடரிதான் கறுக்கும்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"பிடரிதான் கறுக்குமாம்மா."

"நல்லாக் கறுக்கட்டும்."

காலை எட்டு மணிக்கு நடை தொடங்கியதிலிருந்து இதே கதைதான். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. ஒருவரோடொருவர் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் வழிகாட்டி மூலமாகத்தான். பாதை என்னவோ சுலபமானது. மூச்சு வாங்காத சின்னக் குன்றுகள், மேயும் ஆடுகள், ஒரு குன்று இறங்கினால் ஒரு சிற்றூர். ஐந்து வருடத்தில் இந்தப் பாதையில் அவன் வியர்த்ததே இல்லை. இன்று சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் ஊர்க் கடைத்தெருவில் தொப்பிக்காரர் ஒரு கைத்தடி வாங்கினார். அந்த அம்மாளும் ஒன்று வாங்கினாள்.

"தம்பி, யாரோடது நீளம்னு அளந்து பாருங்க" என்றார் அவர்.

வழிகாட்டி இரண்டு தடிகளையும் சுவரோடு நிறுத்தி அளந்தான். எதிர்க்கடை முடிதிருத்துபவர் வேடிக்கை பார்க்க வெளியே வந்தார். அவர் பின்னாலேயே பாதி முகத்தில் நுரையோடு வாடிக்கையாளரும் வந்தார்.

"அம்மாவோடது இரண்டு விரல் நீளம் சார்."

"பார்த்தீங்களா? எதுலயும் நமக்கு மேல இருக்கணும். காலையில இருந்து நானும் பார்த்துக்கிட்டுதான் வர்றேன்."

இரண்டாவது குன்றில் வழிகாட்டிக்கு ஓர் அவசரம். புதருக்குப் பின்னால் போய்விட்டு வந்தான். அவன் வரும்வரை இருவரும் இரண்டு கம்பங்களைப் போல அசையாமல் நின்றிருந்தார்கள்.

"வந்துட்டீங்களா? அவர் தோள்ல எறும்பு ஊருதுன்னு சொல்லுங்க" என்றாள் அந்த அம்மாள்.

"நீங்களே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க வரட்டும்னுதான் இருந்தேன். இப்போ அது காதுகிட்டப் போயிடுச்சு."

எறும்பைத் தட்டிவிட்டு வழிகாட்டி பெருமூச்சு விட்டான். "தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த வயசுல கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகக்கூடாதா?"

"அதை முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க."

அவன் முன்னால் நடந்தான். சொல்லும் யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று அவனுக்கே சந்தேகம். படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று ஆரம்பித்த சண்டையில், அவன் மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் எட்டு நாள் ஆகிறது. யார் முதலில் போன் செய்வது என்பதில் எட்டு நாளும் ஓடிவிட்டது.

இரண்டாவது ஊரில், தபால் நிலையப் படிக்கட்டில் தொப்பிக்காரர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகால் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அந்த அம்மாள் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்தாள். "அவர்கிட்ட கொடுங்க."

வழிகாட்டி வாங்கிக் கொடுத்தான். அவர் ஒட்டினார், கோணலாகப் போயிற்று. பிய்த்து மறுபடி ஒட்டினார். அது விரலோடு ஒட்டிக்கொண்டது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்த அந்த அம்மாள், "தள்ளுங்க தம்பி" என்று அவனை விலக்கிவிட்டு, மண்டியிட்டு, அவர் காலைத் தன் மடியில் வைத்துத் தண்ணீரால் கழுவித் துடைத்துப் புதுப் பிளாஸ்திரியை ஒட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி இருந்தார்.

வழிகாட்டி தெருவோரம் போய் மனைவிக்குப் போன் செய்தான்.

"ஜன்னல் உன் இஷ்டம். வீட்டுக்கு வா" என்றான்.

அவள் கேட்டாள், "யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் சொல்லல. இங்க ஒரு ஜோடியைப் பார்த்தேன். முப்பது வருஷமாவது ஆகியிருக்கும். நாள் பூரா சண்டை. ஆனா ஒருத்தருக்கு வலிச்சா இன்னொருத்தர் மண்டி போடுறாங்க. நாம அப்படி இருக்க வேண்டாமா?"

மனைவி அழுவது கேட்டது. "நான் அவங்களைப் பார்க்கணும். எந்த விடுதி?"

போனை வைத்த கையோடு அவன் விடுதிக்கும் ஒரு போன் போட்டான்.

மாலையில் மூன்றாவது ஊர் விடுதி வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது, அவன் மனைவி பெட்டியோடு காத்திருந்தாள். அவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேராக அந்த அம்மாளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களாலதான் நாங்க சேர்ந்தோம்மா. உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?"

அந்த அம்மாள் தொப்பிக்காரரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"இவரோடயா? காலையில பஸ்ல இருந்து இறங்கும்போது இந்த மனுஷன் என் காலை மிதிச்சார்மா. அதுக்கு முன்னாடி இவரை நான் பார்த்ததே இல்ல."

மனைவி பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வழிகாட்டி விடுதிக்காரரைத் தேடி உள்ளே ஓடினான்; இரண்டு அறை என்று இருந்த பதிவை, சண்டை தீரட்டும் என்று மதியமே அவன் ஒன்றாக மாற்றியிருந்தான்.