துணைக்குப் போன ஆள்

"யோகா டீச்சர் டிரெய்னிங் முடிச்சா, காலேஜ் படிக்கும்போதே வேலை கெடைக்கும்பா" என்று கெஞ்சினாள் மகள் தேவிப்ரியா.

"தனியா போவக்கூடாது. ஒங்கம்மா துணைக்கு வரட்டும்" என்றார் பரசுராமன், கறாராக.

ஆறு மாதம் ஞாயிறுதோறும் பட்டுத்தறியை நிறுத்திவிட்டு மனைவி பரிமளா கிளம்பினாள்.

இன்று ஒரு பள்ளியிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. "எம் பொண்ணு டீச்சராயிட்டா!" என்று, உறையில் பள்ளியின் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு, பிரிக்கும் முன்பே தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டார் பரசுராமன். பிறகு பிரித்துப் படித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

யோகா ஆசிரியை: திருமதி பரிமளா பரசுராமன்.

"இன்னாடி இது?" என்று கத்தினார். பரிமளா தறியை நிறுத்தவில்லை.

மகள்தான் வாயைத் திறந்தாள். "எனக்கு ஒடம்பு வளையலப்பா. ரெண்டாவது வாரமே நின்னுட்டேன். அப்புறமெல்லாம் அம்மாவுக்கு நான்தான் துணைக்குப் போய்கினு இருந்தேன்."