செலரிக் கூடை

"நாளையிலேர்ந்து நீ வெங்காயத்தைத் தொடக் கூடாது. செலரி நறுக்கு, போதும்!"

மாஸ்டர் போட்ட சத்தத்தில் அடுப்பே ஒரு நிமிடம் அடங்கியது போலிருந்தது. அந்த உணவகத்தின் சமையலறையில் அவருக்குப் பட்டப்பெயர் குக்கர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு விசில் நிச்சயம்.

காய் நறுக்கும் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. வெங்காயம் என்றால் மற்றவர்கள் காத தூரம் ஓடுவார்கள். இரண்டு மாதமாக அதைக் கேட்டு வாங்கி நறுக்கியவள் அவள் ஒருத்திதான்.

"என் வெங்காயத்துல என்ன குறை மாஸ்டர்?"

"குறை சொன்னேனா? சொன்னதைச் செய்."

"கண்ணு எரிய உழைச்சதுக்கு நல்ல மரியாதைக்கா" என்றார் சர்வர், மாஸ்டர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. பெரிய வீரர்தான்.

மறுநாள் அவள் முன்னால் பச்சைப்பசேலென்று ஒரு கூடை செலரி.

"இது என்னக்கா, கொத்தமல்லிக்கு வசதி வந்து உடம்பு போட்ட மாதிரி?" என்றார் சர்வர்.

அதற்குள் குக்கர் விசிலடித்தது.

"நாரை உரிச்சியா? சாப்பிடுறவங்க பல்லுல மாட்டினா என் தலைதான் உருளும்! ஐயையோ, இலையைக் குப்பையில போடாதே, சூப்புக்கு வாசனையே அதுலதான். வெளித்தண்டு முத்தல், அது கொதிக்க. நடுத்தண்டு இளசு, அது வதக்க. பிரிச்சு வை!"

"வேணும்னே வதைக்கிறாருக்கா" என்று கிசுகிசுத்தார் சர்வர்.

அவள் நாரை உரித்து நறுக்கினாள். நாலாவது தண்டில், பலகை மேல் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது.

சர்வர் விழுந்து விழுந்து சிரித்தார். "செலரிக்குக்கூடவா கண்ணு எரியும்?"

அவளுக்குச் சொல்ல ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. புறங்கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சர்வரின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

மாஸ்டர் அடுப்பை அணைத்தார். "எல்லாரும் வெளியே போங்க!"

"இன்னிக்கு அக்கா தொலைஞ்சாங்க" என்று முணுமுணுத்தபடி வெளியேறிய சர்வர், கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார்.

மாஸ்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். அந்தச் சமையலறை அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில் பேசினார்.

"வெங்காயம் நறுக்குறவகிட்ட போய், ஏம்மா அழுறேன்னு எப்படிக் கேட்கிறது? ரெண்டு மாசமா பழியெல்லாம் அதும்மேலயே போட்டுட்டு இருந்தே. செலரி யாரையும் அழ வைக்காதும்மா. இப்பச் சொல்லு, உனக்கு என்ன கஷ்டம்?"