குஞ்சோடு நின்ற விரால்

கல்லூரித் தோழி முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். ஆற்றிலோ புதுவெள்ளம், பேய்க்காற்று. காலையிலிருந்து முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன், தூண்டிலில் ஒன்றும் கடிக்கவில்லை. கோரை ஓரம் விரால் குஞ்சுகள் சிவப்பாய்க் கொதித்தன. அடியில் தாய் இருக்கும். பசியில்லாவிட்டாலும், குஞ்சுகளிடம் வந்ததைக் கடிக்கும்.

"குஞ்சோட நிக்கிறத நாம பிடிக்க மாட்டோம்டி," என்றாள், பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற அம்மா.

"அப்ப வெறுஞ்சோறு போட்டு என்னைக் கேவலப்படுத்து."

"படிச்சவ. உன் இஷ்டம்."

குஞ்சுகளுக்கு நடுவிலேயே வீசினேன். உடனே கடித்தது. முழங்கை நீள விரால். அம்மா கூடையை நீட்டவில்லை. நானே அதை இழுத்து வாங்கி மீனைப் போட்டேன்.

குனிந்தால், சிதறிய குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி என் கால்களைச் சுற்றிக் கூடுகின்றன.

"வாடி, அந்தப் பொண்ணு வந்துரும்," என்று அம்மா கரையேறினாள்.

எந்தக் காலை முதலில் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.