டிக்கி மூடி

"இன்ஜின் கெடக்கட்டும் சார். இந்த டிக்கி மூடியத் தெறந்தா தானா நிக்குமா, இல்ல ஒரு ஆளு பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

சீனியம்மாள் இப்படிக் கேட்டதும் அனந்தநாராயணனுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டுங்காவில் அவர் வீட்டு வாசலில் நின்ற கிழட்டு ஃபியட்டை இரண்டு நாளாக எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள். டயரை உதைத்தார்கள், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்றார்கள். டிக்கி மூடிக்குக் கவலைப்பட்டவள் இவள் ஒருத்திதான்.

"கம்பி இருக்கும்மா. முட்டுக் கொடுத்தா நிக்கும்."

"காத்து அடிச்சா?"

"புயல் அடிச்சாலும் நிக்கும். வண்டி ஓடுமான்னு கேக்க மாட்டியா?"

"அதப் பாக்கத்தான் இவுக வந்திருக்காக."

'இவுக' என்பது அவள் புருஷன் வெயிலுமுத்து. தாராவி தோல் கிடங்கில் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவன். பானெட்டுக்குள் விட்ட தலையை வெளியே எடுக்காமலே, "இன்ஜின் நல்லாருக்குட்டி," என்றான்.

அவள் காதில் வாங்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சணல் கயிற்றை எடுத்து டிக்கி மூடியின் உள்பக்கத்தை அளந்துகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை குப்பென்று வந்தது. அனந்தநாராயணன் ஓரடி தள்ளி நின்றார்.

"சாமான் உள்ளேன்னா போகும். மூடியை எதுக்கும்மா அளக்கறே?"

"அவ அப்படித்தான் சார், எதையும் அளந்து பாக்காம வாங்க மாட்டா," என்று வெயிலுமுத்து முந்திக்கொண்டான்.

கேட்டோரம் பழைய சேலையில் சுற்றி ஒரு தட்டையான மூட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வீட்டுச் சாமி படமாக இருக்கும் என்று அனந்தநாராயணன் நினைத்துக்கொண்டார். ஊரைக் காலி பண்ணுகிறவர்கள் முதலில் எடுப்பது அதைத்தானே? அவரும் அதைத்தான் முதலில் எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தார்.

"உங்க கடை செம்பூர் ஃபாக்டரி கேட் வாசல்லன்னு சொன்னேளே, நிறைய சேதமோ?"

"சேதமா? ஒண்ணுமே மிச்சமில்ல சார்," என்றாள் சீனியம்மாள். "மதராசி ஊரப் பாத்துப் போன்னு கத்திக்கிட்டே ஒடச்சானுவ. பதினோரு வருசமா எங்க கையில தின்ன பயலும் அதுல நின்னான். அதத்தான் பொறுக்க முடியல."

அனந்தநாராயணன் பெருமூச்சு விட்டார். "எங்காத்து ஜன்னல்லயும் கல் விழுந்தது. போறும்னு ஆயிடுத்து. இன்னிக்கு ராத்திரி மெட்ராஸ் மெயில். வண்டியைத் தரகன் கேட்டான், நான்தான் குடுக்கலை. இந்த ஊர்ல கிடந்தா இன்னிக்கில்லேன்னா நாளைக்கு எவனாவது கண்ணாடியை உடைப்பான். உங்களை மாதிரி ஊருக்கே கிளம்பறவான்னா நிம்மதி. திருநெல்வேலி வரைக்கும் தாராளமா தாங்கும். மலைப்பாதை ஏறறச்சே தண்ணி மட்டும் பாத்துக்கோங்கோ."

வெயிலுமுத்து வாயைத் திறந்தான். சீனியம்மாள் அவன் காலை மிதித்தாள்.

"சொல்லிருவோமேட்டி," என்று முணுமுணுத்தான்.

"சாவி கைக்கு வரட்டும்."

அவள் கழுத்துச் சங்கிலியை விற்ற பணமும் சீட்டுப் பணமும் சேர்ந்து இப்போது வெயிலுமுத்துவின் மடியில் இருந்தன. இந்த வண்டி கிடைக்காவிட்டால் வேறு வண்டி வாங்க அந்தப் பணம் காணாது. அது அவனுக்கும் தெரியும் என்பதால் வாயை மூடிக்கொண்டான்.

அனந்தநாராயணன் பணத்தை வாங்கி, அதில் ஒரு நூறு ரூபாய் நோட்டை உருவி நீட்டினார். "வெச்சுக்கோங்கோ. ஓடறவனுக்கு ஓடறவன் செய்யற உதவி."

வெயிலுமுத்துவின் கை ஆசையாக நீண்டது.

"வேண்டாம் சார்," என்றாள் சீனியம்மாள்.

"ஏட்டி, அவராத்தான குடுக்காரு!"

"வேண்டாம்னா வேண்டாம். பேசுன வெலைக்குத்தான் வாங்குவோம்."

இது என்ன வீம்பு என்று அனந்தநாராயணனுக்குப் புரியவில்லை. நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஸ்டியரிங்கை ஒரு தரம் தடவிவிட்டுச் சாவியை வெயிலுமுத்துவிடம் நீட்டும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பத்திரமா ஊர் போய்ச் சேருங்கோ."

"யாரு சார் ஊருக்குப் போறா?" என்றாள் சீனியம்மாள்.

அவர் விழித்தார். அவளோ விறுவிறுவென்று போய் அந்த மூட்டையைத் தூக்கி வந்து அவிழ்த்தாள். உள்ளே சாமி படம் இல்லை. தடியடி வாங்கி நடுவில் வளைந்துபோன ஒரு தகரப் பலகை இருந்தது. உடைத்தவர்கள் மேலே அப்பிய தாரை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து எடுத்ததில் பெயின்ட் பாதி போயிருந்தாலும், 'சீனியம்மாள் இட்லிக் கடை' என்ற தமிழ் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"ஒரே எடத்துல நின்னதாலதான ஒடச்சானுவ? இனிமே கடை நாலு சக்கரத்துல வரும் சார். நாளைக்கு வெள்ளன அதே செம்பூரு, அதே கேட்டு!"

டிக்கி மூடியைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டு, பலகையை அதன் உள்பக்கத்தில் வைத்து அழுத்தினாள். அடித்தவர்கள் வளைத்த வளைவு, அந்த மூடியின் வளைவோடு அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது.