பித்தளைப் பொறி

"கையை எடுடா, திருட்டுப் பயலே!"

லாய்டு ஹாகன் போட்ட சத்தத்தில் துப்பாக்கிச் சந்தை நடந்த கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவர் மேஜைமேலிருந்த தோட்டாக் கூடு ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த டுவேன் ப்ரூயிட் அதைப் பொத்தென்று கீழே போட்டான்.

"சும்மா பாத்தேன், பெரியவரே. பக்கத்துப் பண்ணைக்காரன்னுகூடப் பாக்காம இப்படிக் கத்துறீங்களே!"

"பக்கத்துப் பண்ணைக்காரனுக்குத்தானே என் அலமாரிச் சாவி எங்க தொங்குதுன்னு தெரியும்?"

"நீங்க ஊருக்குப் போனப்ப உங்க நாய்க்குச் சோறு வச்சேன். அதுக்கு நல்ல மரியாதை!" டுவேன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

பக்கத்து மேஜையில் உப்புக்கண்டம் விற்றுக்கொண்டிருந்த டார்லீன் பெருமூச்சு விட்டாள். "உன் துப்பாக்கிய அவன்தான் எடுத்தான்னு உனக்கு எப்படிப்பா தெரியும்? பூட்டுகூட உடையலன்னு நீயே சொன்னே."

"ஆதாரம் தன் கால்லயே நடந்து வரும், பாரு."

காணாமல் போனது சாதாரணத் துப்பாக்கி இல்லை. வால்நட் மரத்தில் அதன் கட்டையை லாய்டே செதுக்கியிருந்தார். தோட்டாவின் அளவுகூட அவர் சொந்தமாக வகுத்ததுதான். இப்படிச் சொந்த அளவில் செய்த துப்பாக்கியை மாண்டானா வேட்டைக்காரர்கள் காட்டுப்பூனை என்பார்கள்.

அந்த அளவுக்கு எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்காது. கடையில் கிடைக்கும் வேறொரு பித்தளைக் கூட்டை வாங்கி, கிரீஸ் பூசி, அச்சில் அழுத்திக் கழுத்தைச் சிறுக்கவைக்க வேண்டும். அதையும் அந்தத் துப்பாக்கிக்குள் ஒருமுறை வெடிக்கவைத்தால்தான் முழு வடிவம் வரும்.

"இந்தக் கூடு உலகத்துல ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் பொருந்தும், டார்லீன். விலைக்கு இருக்குன்னு பேப்பர்ல போட்டுட்டேன். எவன் வாங்க வர்றானோ, அவன்கிட்டதான் என் துப்பாக்கி இருக்கு."

"அடப்பாவி! எலிப்பொறி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா?"

"எலி மட்டும் சிக்கட்டும், தோலை உரிச்சிடறேன்."

பேசிக்கொண்டே ஒரு கூட்டுக்குக் கிரீஸ் பூசி அச்சில் பொருத்திப் பிடியை இழுத்தார். வெளியே எடுத்தபோது கூட்டின் கழுத்தடி நசுங்கியிருந்தது.

"கிரீஸ் கூடிப்போச்சு. இந்தக் கூட்டுக்கு இப்பத்தானே ஒரு தடவ பூசி வச்சே, லாய்டு?" என்றாள் டார்லீன்.

"நான் எங்க பூசினேன்? கிரீஸே மட்டம்! இந்தக் காலத்துல எவன் ஒழுங்கான சரக்கு விக்கிறான்?" நசுங்கிய கூட்டைக் குப்பைத் தொட்டிக்குள் விசிறி அடித்தார்.

மதியம்வரை பலர் வந்தார்கள். எடுத்துப் பார்த்தார்கள், இது என்ன விநோத அளவு என்று சிரித்தார்கள், போனார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் லாய்டின் ரத்தம் இன்னும் கொஞ்சம் கொதித்தது.

"டேய் கிழவா! கூடு விக்கிறியாமே?"

நிமிர்ந்தார். ஓரின் ஸ்கார். எத்தனையோ பனிக்காலங்கள் லாய்டோடு ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே சட்டியில் தின்ற வேட்டைத் தோழன். கோடை முழுக்க அலாஸ்காவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு நேற்றுத்தான் ஊர் திரும்பியிருந்தான்.

"வந்துட்டியா? உக்காரு, உக்காரு. காப்பி குடி." லாய்டின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது.

"காப்பி இருக்கட்டும். இதெல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன், கட்டிக் குடு. எல்க் மான் வேட்டை ஆரம்பிக்கப் போகுதுல்ல?"

லாய்டின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "உனக்கு எதுக்குடா இது?"

"எதுக்குன்னா? சுடறதுக்குத்தான்."

"எதுல சுடுவே?"

"இது என்னடா கேள்வி? உன் காட்டுப்பூனையிலதான்! வண்டியில இருக்கு. எண்ணெய் போட்டுத் துடைச்சு, கண்ணு மாதிரி வச்சிருக்கேன்."

கொஞ்சமும் கூசாமல் சொன்னான். அந்தக் கூசாத முகம்தான் லாய்டுக்குத் தாங்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து விட்ட குத்தில் ஓரின் தடுமாறி விழுந்தான். கூடுகள் கலகலவென்று தரையெங்கும் உருண்டன.

"என் உப்பைத் தின்னுட்டு என் வீட்டுலயே கை வச்சுட்டியேடா! கேட்டிருந்தா உசுரையே குடுத்திருப்பேனே! உன்னப் போய் நம்பி, ஒண்ணும் தெரியாத அந்த டுவேனை ஊர் முன்னால கேவலப்படுத்திட்டேனே!"

கூட்டம் கூடிவிட்டது. டார்லீன் ஓடிவந்து லாய்டைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். அவர் திமிறினார். "விடு! போலீஸைக் கூப்பிடு! எல்லாருக்கும் தெரியட்டும், இவன் திருடன்னு!"

ஓரின் மெதுவாக எழுந்தான். உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். திருப்பி அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. லாய்டின் கண்களையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த குழப்பம் மெல்ல மெல்ல வேறு ஏதோவாக மாறியது.

அவன் கிட்டே வந்து, கூட்டத்துக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"டாக்டரைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு, 'எல்லாம் மறந்து போறதுக்குள்ள நீயே வச்சுக்கோ'ன்னு நீதாண்டா லாய்டு, அழுதுகிட்டே என் கையில குடுத்தே."