டீச்சருக்குப் பிடித்த வாஷிங் மெஷின்

"பாடம் சொல்லிக் குடுக்க அனுப்பினீங்களா, துணி தொவைக்கிறத வேடிக்கை பாக்க அனுப்பினீங்களா?" என்று பெனிட்டா போனில் கத்தினாள். "மெஷின் சுத்த ஆரம்பிச்சா ஒங்க டீச்சர் எந்திரிச்சுப் போயி முன்னாடி நிக்கிது சார்."

டீச்சர் என்பது ஓர் இயந்திரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கு எது பிடிக்குமோ அதையே தானும் ரசித்து விளையாடி, விளையாட்டோடு விளையாட்டாகப் பேச்சு சொல்லிக்கொடுக்கும். பெனிட்டாவின் மகள் செரினுக்குப் பாட்டில் மூடிகளை அடுக்கப் பிடிக்கும். ஏழு வயதிலும் ஓரிரு சொல்தான் பேசுவாள். எதையும் காட்டுவதற்காக யாரையும் கூப்பிட்டதே இல்லை.

போனில் இருந்த, டீச்சரை அனுப்பிய கம்பெனிக்காரர் சிரித்தார். "போன வருஷம் அது இருந்த வீட்டுப் பிள்ளைக்கு வாஷிங் மெஷின்னா உயிரும்மா. கூடவே பாத்துப் பாத்து இதுக்கும் புடிச்சிப்போச்சு. அந்த ஆசைய இங்கருந்தே அழிச்சிரலாம். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

கூடத்தில் டீச்சரும் செரினும் மூடி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பச்சைக்குப் பக்கத்தில் நீலத்தை வைப்பதா, சிவப்பை வைப்பதா என்ற தீவிர யோசனையில் இருந்த டீச்சருக்கு, உள்ளே மெஷின் சுற்றத் தொடங்கியது கேட்கவே இல்லை.

செரினுக்குக் கேட்டது. எழுந்து டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், சுத்துது! வா!"

இருவரும் ஓடினார்கள்.

"அழிச்சிரவாம்மா?" என்றது போன்.

"ஐயையோ, தொட்டுராதீங்க சார்!" என்றாள் பெனிட்டா. "அடுத்த பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது எங்க மூடி ஆசையையும் அழிச்சிராதீங்க."