படத்துக்குக் கீழே ஒரு பெயர்

"ஏலே பெலிக்ஸ், ஸ்ரீவில்லிபுத்தூர்ல எப்பலே கிளை திறந்த? சொல்லவே இல்ல!"

பஸ் ஜன்னல் வழியாக எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தான் நண்பன் பெனின். ராஜபாளையத்தில் தன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அதைப் பார்த்ததும் பெலிக்ஸுக்கு வாயில் இருந்த டீ கசந்தது.

கோர்ட்டுக்கு எதிரே, 'ஃபஸீலா ஸ்டூடியோ' வாசலில், ஆள் உயர ஃபிளெக்ஸ். கல்யாணப் பெண் ஒருத்தி, காற்றில் குடை மடங்கிப்போக, மழையில் நனைந்தபடி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். படத்தின் கீழ்ப்பகுதியை இரண்டு பைக்குகள் மறைத்து நின்றன.

அது பெலிக்ஸ் எடுத்த படம். அந்த ஒரு சிரிப்புக்காகச் செண்பகத்தோப்பில் சேற்றில் மண்டிபோட்டு, புது பேண்டைப் பாழாக்கிக்கொண்டவன் அவன்.

"வின்சி, இங்க பாரு! நம்ம மாரிச்செல்வி கல்யாணப் படம். எவளோ ஒருத்தி தன் கடை வாசல்ல நட்டு வச்சிருக்கா!"

ஆல்பத்துக்குப் படம் பிரித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "போன் போட்டு என்னன்னு கேளுங்களேன்."

"கேக்குறதா? காப்பிரைட்டுன்னா என்னன்னு காட்டுறேன். இப்பத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து நம்மளத் தேடி ஆள் வருது. எல்லாம் நான் போடுற ரீல்ஸோட மகிமை. அது பொறுக்காம என் படத்தக் காட்டியே என் ஆர்டரப் பிடிக்கப் பாக்கா!"

ஆள் வருவது உண்மைதான். ஐப்பசியில் இருந்து பாதி ஆர்டர் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். வருகிறவர்கள் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஆண்டாள் கோயில் தேர்ப் படத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். "நீங்க எடுத்ததா சார்?" என்று கேட்டால் பெலிக்ஸ் அடக்கமாகச் சிரித்துக்கொள்வான்.

கோபம் வந்துவிட்டால் அவனுக்குக் கண்மண் தெரியாது. வக்கீலிடம் பேசினான். மாவட்டப் போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தொண்டை கிழியப் பேசி அனுப்பினான்: "எடுத்தவன் பேரை மறைச்சிட்டுப் படத்த மாட்டுறவன் போட்டோகிராபரே இல்ல. திருடன்!"

கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. அந்தச் சூட்டோடு பைக்கை எடுத்தான். வின்சியும் ஏறிக்கொண்டாள். சண்டையை விலக்கவா, பால்கோவா வாங்கவா என்று அவள் சொல்லவில்லை.

ஸ்டூடியோவுக்குள் ஃபஸீலா ஒரு கைக்குழந்தையை பாஸ்போர்ட் படத்துக்கு நேராகப் பார்க்க வைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கேமரா, மறு கையில் கிலுகிலுப்பை.

"வாசல்ல இருக்கிற படம் யாரு எடுத்தது?" வாசற்படியிலேயே ஆரம்பித்தான் பெலிக்ஸ்.

கத்திய கத்தலில் குழந்தை நேராகப் பார்த்தது. டக்கென்று க்ளிக் செய்துவிட்டுத் திரும்பினாள் ஃபஸீலா. முகமெல்லாம் சிரிப்பு.

"உங்களுக்கும் அந்த மாதிரி வேணுமா? அது ராஜபாளையம் பெலிக்ஸ் அண்ணன் எடுத்தது. நம்மகிட்ட ட்ரோனும் கெடையாது, ஊர் ஊரா அலையவும் ஏலாது. பாஸ்போர்ட், பிள்ளைக படம், எங்க ஆளுக கல்யாணத்துல பொம்பளைக பக்கம், அம்புட்டுதான் நான். வெளியில வச்சு எடுக்கணும்னு கேக்குறவியள எல்லாம் அவருகிட்டத்தான் அனுப்புறேன். படத்துக்குக் கீழயே பேரும் நம்பரும் இருக்கே, பாக்கலியா?"

வின்சி வெளியே போய் பைக்குகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, செத்த இங்க வாங்களேன்."

'படம்: பெலிக்ஸ், ராஜபாளையம்'. பக்கத்தில் அவனுடைய செல் நம்பர். மேலே இருந்த ஃபஸீலாவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

பெலிக்ஸின் ரீல்ஸ் மகிமை அந்த இடத்திலேயே இறங்கிப்போனது.

"நான்... நான்தாம்மா பெலிக்ஸ்."

"அய்யோ அண்ணே! உள்ள வாங்க, மதினி, நீங்களும் வாங்க. உங்களக் கேக்காமப் போட்டது தப்புதான். மாரிச்செல்விகிட்ட கேட்டு வாங்கிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்னு எத்தன தடவ அடிச்சேன், எப்பவும் லைன் பிஸி!"

"பிஸியாத்தான் இருக்கும். நீதான இங்க இருந்து ஆள் அனுப்பிக்கிட்டே இருக்க!" என்றாள் வின்சி.

மூவரும் சிரித்தார்கள். பெலிக்ஸ் யாருக்கும் தெரியாமல் போனை எடுத்து, குரூப்பில் பேசியதை அழித்தான். அதற்குள் மாவட்டமே கேட்டு முடித்திருந்தது.

டீ வந்தது. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தவன் எதிர்ச் சுவரைப் பார்த்தான்.

அதே தேர். அதே வடம். வலது ஓரத்தில் வாய் நிறையக் கத்தும் அதே மீசைக்காரர். ஒன்றுதான் வித்தியாசம். இந்தப் படத்தில், தேர்ச் சக்கரத்துக்குக் கீழே, 'படம்: ஃபஸீலா' என்று ஒரு வரி இருந்தது.

எவனோ ஃபார்வர்டு செய்து வந்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கீழே இருந்த அந்த வரியைத் தன் கையாலேயே கட்டரில் சீவி எறிந்தது அவன் நினைவுக்கு வந்தது. வின்சி அவனைப் பார்த்தாள். அவன் டீயைப் பார்த்தான்.

"நான் எடுத்ததுதான் அண்ணே," என்றாள் ஃபஸீலா. "இத உங்க கடையிலயும் பெருசா மாட்டியிருக்கியன்னு நான் அனுப்புன கஸ்டமரு வந்து சொன்னாவ. எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா!"

பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கீழ பேருதான் இல்லையாம். பரவால்ல அண்ணே, ஃபிரேம்ல இடம் பத்தாமப் போயிருக்கும்."